நாட்டைச் சொல்லும் இலக்கணம்

‘நாடு’ என்பது தமிழில் அளவு குறியாத சொல். பாரதம் முழுமையும் நமக்கு நாடு. தமிழ் வழங்கும் நிலமும் நாடு. கொங்கு நாடு, சேர நாடு, வருசநாடு என வட்டாரங்களும் நாடுகளே. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில் மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களைச் சேர்த்து ‘அஞ்சுநாடு’ என்பர். ஒரு மலைப்பகுதிக்குள் அடங்கிய ஐந்து சிற்றூர்களுக்கு ஐந்து நாடுகள் என்று பெயரிட்ட மொழி நம்முடையது. அம்மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவரைத் தேர்வு அதிகாரியின் எதிரே அமர்த்தி, ‘உங்கள் நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் கூறுங்கள்’ என்று கேட்டால், எந்த நாட்டைப் பற்றிக் கூறுவது என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயம் தீர்வதற்குள் அவருக்கு அளித்த நேரம் தீர்ந்துவிடும்.

இது கற்பனையாகச் சொல்லும் தேர்வன்று. ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வு 1989 முதல் நடைபெற்று வருகிறது. வெளிநாடு செல்ல விழையும் செவிலியரும் மாணவரும் கேரளத்தில் இதனை அறியாதிருத்தல் அரிது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. பேசும் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடைபெறும். முதலில் ஊர், வீடு, படிப்பு, தொழில் பற்றிய எளிய வினாக்கள். அடுத்து ஓர் அட்டையில் தலைப்பொன்றைத் தந்து, எண்ணிப்பார்க்க ஒரு நிமிடமும் பேச இரண்டு நிமிடம் வரையும் அளிப்பர். இறுதியில் அத்தலைப்பை ஒட்டிய உரையாடல். தடையின்றித் தொடர்புறப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், ஒலிப்பு என்னும் நான்கும் சம மதிப்புடன் அளக்கப்படும். ஐக்கிய இராச்சியத்தில் செவிலியராகப் பதிவுபெற இத்தேர்வை எழுதுவோர், பேசும் பகுதியில் பொதுவாக 9-க்கு 7 பெற வேண்டும்.

இலக்கணத்தை அளக்கும்போது இரண்டு செய்திகளைப் பார்க்கின்றனர். ஒன்று பிழையின்மை, மற்றொன்று வாக்கிய அமைப்புகளின் பரப்பு. சிறு சிறு வாக்கியங்களாகப் பிழையின்றி அடுக்கிவிட்டால் மட்டும் உயர்ந்த மதிப்பெண் கிட்டாது. தொடர் வாக்கியமும் கலவை வாக்கியமும் இடையிடையே வர வேண்டும். கூறிய செய்தி மெய்யா பொய்யா என்பதற்கு மதிப்பெண் இல்லை. தன் ஊரில் கடல் உண்டென்று மூணாற்றுக்காரர் ஒருவர் கூறினும், இலக்கணம் பிழையாதிருப்பின் மதிப்பெண் குறைவதில்லை. இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு ஓர் இடர் நேர்கிறது.

எம் பணி நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி. சொந்த ஊர் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை அடுத்தது. இடையில் சில ஆண்டுகள் இடுக்கி மாவட்டத்தில் பணியாற்றும் வாய்ப்பும் அமைந்தது. இளங்கலை படித்தவர், கோப்புகளில் ஆங்கிலம் எழுதுபவர் என்ற அளவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எம் இல்லத்துக்கு வருவர். கடிகாரத்தை முன்வைத்து, அதிகாரியின் இடத்தில் எம்மை அமர்த்தி, பேசிப் பழகுவர். ஆறேழு ஆண்டுகளாக நடந்துவரும் இப்பழக்கத்தில் எண்ணிப் பார்த்தவற்றை இம்மலரைப் படிக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வருகின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் பயிற்சி நிலையங்களில் உருப்போட்ட ஒரு பத்தியுடன் வருவர். “எங்கள் மாநிலம் கேரளம்; அங்கே காயல்கள் உண்டு; படகு வீடுகள் உண்டு; எங்கும் தென்னை; எங்கும் பசுமை; ஓயாத மழை” என்று அது ஓடும். இவ்வாறு உண்டு, உண்டு என அடுக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘தேர் ஈஸ்’, ‘தேர் ஆர்’ என்னும் அமைப்புகள் உள்ளன. ஒன்றாயின் முன்னது, பலவாயின் பின்னது. பிள்ளைகள் அவற்றைப் பிழையின்றியே கூறுவர். ஆயின் அதனைக் கூறும் பிள்ளை பிறந்ததோ சித்தூர்ப் பனங்காட்டுப் பக்கம். அன்றேல் மறையூர்க் கரும்புக்காட்டுப் பக்கம்.

அப்பிள்ளையின் ஊர் எத்தகையது? சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் உண்டு. வரிசை வரிசையாய்ப் பனைகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று உண்டு. மறையூருக்கு அப்பால் சின்னாறு மழைமறைவு நிலம். மேற்குச் சரிவெல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது அது முட்புதர்க் காடாய் வறண்டு, வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். மறையூரில் இயற்கையாய் வளர்ந்த சந்தனக் காடும், பெருங்கற்காலத்து முனியறைகளும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் உண்டு. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கிப் பாய, கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்றே கிழக்கு நோக்கிப் பாய்கின்றன. அவற்றுள் பவானி தமிழகத்தில் தோன்றி, பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடிக்குள் புகுந்து, மீண்டும் தமிழகத்துக்கே திரும்புகிறது. பாம்பாறு அஞ்சுநாட்டைக் கடந்து அமராவதியைச் சேர்கிறது.

இத்தனை உண்மைகளும் அதே ‘தேர் ஈஸ்’, ‘தேர் ஆர்’ அமைப்பில் அடங்குவனவே. அதன்மேல், ‘பிற ஆறுகள் மேற்கே பாய, எங்கள் ஆறு மட்டும் கிழக்கே பாய்கிறது’ என்று கூறத் தொடங்கினால், ஒப்புமையும் எதிர்மறையும் கலவை வாக்கியமும் தாமே வந்து சேரும். பரப்பு வேண்டும் என்று தேர்வாளர் கேட்பது அதைத்தான். கண்ணால் காணாத காயலைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேச ஒரு பிள்ளையால் இயலாது. தன் வீட்டுப் பின்புறத்து ஆற்றைப் பற்றிப் பேச இரண்டு நிமிடம் போதாது. ஊரை உள்ளபடி கூறுதல் அறத்துக்கு மட்டுமன்றி இலக்கணத்துக்கும் நன்மையே.

அடுத்துச் சுட்டிடைச் சொற்கள். ஆங்கிலத்தில் ‘எ’, ‘தி’ என்னும் இரு சொற்கள் தமிழரைத் துன்புறுத்துவன. தமிழில் ‘கோயில் உள்ளது’ என்றால் போதும். ஆங்கிலத்திலோ, கேட்பவர் அறியாத கோயிலுக்கு ‘எ’. அறிந்த கோயிலுக்கு ‘தி’. நம் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் ‘தி கண்ணகி டெம்பிள்’ என்பர். குமுளிக்கு அப்பால் பெரியாறு புலிகள் காப்பகத்தின் உச்சியில், ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை முழுநிலவன்று மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலை நமக்குத் தெரியும். எதிரே அமர்ந்தவருக்குத் தெரியுமா? ‘ஒரு கோயில் உள்ளது, அது மலையுச்சியில் உள்ளது, அக்கோயில் ஆண்டுக்கு ஒரு நாளே திறக்கும்’ என்று முதலில் ‘எ’ சொல்லி, அவருக்கு அறிமுகம் செய்வித்த பின்னரே ‘தி’ சொல்லுதல் முறை. விருந்தினரை வாயிலில் வரவேற்று உள்ளே அழைத்துச் செல்வது போன்ற முறை இது. இவ்வாறு விளக்கியபின் அச்சிறு சொற்களில் பிள்ளைகள் அவ்வளவாக இடறுவதில்லை.

இனிக் காலம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்பது. ‘எங்கள் தாத்தா, பாட்டி, அவர்தம் உறவினர் எல்லாரும் இந்த மலையில்...’ என்று நீட்டிக்கொண்டே சென்று, ‘வாழ்ந்தனர்’ என்பதா ‘வாழ்கின்றனர்’ என்பதா என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். ஆங்கிலத்தில் அவ்வசதி இல்லை. எழுவாயை அடுத்தே வினை வந்து நிற்கிறது. வாய் திறந்ததும் காலத்தை முடிவு செய்தாக வேண்டும். எல்லைப்புறத்தில் பிறந்தவர்க்கு இது எளிதன்று; அவர்தம் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாட்டின் பெயர் பலமுறை மாறியுள்ளது.

எம் பாட்டனார் கொச்சி இராச்சியத்தில் பிறந்தார். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது திருக்கொச்சியின் குடியானார். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் அமைந்தபோது கேரளத்தவர் ஆனார். இத்தனைக்கும் அவர் வீடு மாறவில்லை. அவர் பெண்ணெடுத்ததோ அருகிலிருந்த பாலக்காட்டு வட்டத்தில். அது அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். ஆகவே மாமனார் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் அவர் வேறொரு ஆட்சிக்குள் சென்று திரும்பினார். தேவிகுளம், பீருமேடு பகுதிகளின் கதை இதனினும் நீண்டது. திருவிதாங்கூர், பின்னர்த் திருக்கொச்சி, பின்னர்க் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம், 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி மாவட்டம். 1950-களில் அவ்வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதும், 1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அவற்றைக் கேரளத்துக்கே பரிந்துரைத்ததும், தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தைச் சேர்ந்ததும் வரலாறு.

‘வாஸ்’ என்னும் ஒரு சொல்லைச் சரியாகப் பயன்படுத்த இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். ‘என் ஊர் கொச்சி இராச்சியத்தில் இருந்தது; இப்பொழுது கேரளத்தில் உள்ளது’ என்னும் வாக்கியத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. இறந்தகால விகுதியை ஆயிரம் முறை எழுதிப் பழகிய பிள்ளையை விட, தன் ஊரின் ஆண்டுக் கணக்கை அறிந்த பிள்ளை காலத்தில் தவறுவது குறைவு என்பது எம் அனுபவம்.

வரலாற்றைக் கூறும்போது செயப்பாட்டு வினையும் வந்து சேரும். ‘மாவட்டம் அமைக்கப்பட்டது’, ‘எல்லை வகுக்கப்பட்டது’ என்பன அவ்வகையின. செய்தவர் யாரென்று சொல்லாமலே செயலைச் சொல்லிவிட உதவும் வினை இது. அரசுக் கோப்புகளில் இதன் ஆட்சியே மிகுதி என்பதை எழுத்தர் தொழிலில் உள்ளோர் அறிவர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய நூல்களிலும் ‘திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர்’ என்றே காண்கிறோம். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று முன்பணம் தந்து ஆள் சேர்த்த காலம் அது. வாக்கியம் பிழையற்றதே.

மூணாற்றை அடுத்த தோட்டமொன்றில் எம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அவருடைய ஆச்சி இருந்தார். சிறுமியாயிருந்தபோது பெற்றோருடன் போடிப் பக்கமிருந்து மலையேறி வந்தவர். அவரிடம் ஒருமுறை, “ஆச்சி, உங்களையெல்லாம் கங்காணி எப்படிக் கொண்டுவந்தார்?” என்று வினவினோம். ஆச்சிக்கு அச்சொல் பிடிக்கவில்லை. “கொண்டாந்தாரா? நாங்க என்ன மூட்டையா? மழையில நடந்துல்ல வந்தோம். எங்கம்மா தம்பியை இடுப்புல வச்சிக்கிட்டு நடந்துச்சு” என்றார். அக்காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவழியே போடிப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கியது. தேயிலை தொங்கி இறங்கியது. மனிதர் நடந்து ஏறினர். ‘வேர் ப்ராட்’ என்பதும் ‘கேம்’ என்பதும் ஒரே நிகழ்ச்சியைக் கூறும் இரு வினைகள். வரலாற்றாசிரியர் முன்னதைக் கூறலாம். ஆச்சியின் வழிவந்தவர் எதனைக் கூறுவது என்பதை அவரே தேர்ந்துகொள்ள வேண்டும். செய்வினையும் செயப்பாட்டு வினையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதத்தக்கன என்று பள்ளியில் படித்தோம். ஆச்சி அதற்கு உடன்படமாட்டார்.

அந்நண்பரின் மகள் செவிலியர் படிப்பை முடித்துப் பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் பணியில் சேர்ந்தபின், ஞாயிறுதோறும் எம் இல்லத்துக்கு வரலானாள். ஒருநாள் ‘எங்கே வசிக்கிறீர்கள்’ என்ற வினாவுக்கு, தன் குடும்பத்தைக் குறித்து, ‘வீ ஆர் லிவிங் இன் மூணாறு’ என்றாள். முன்னமே தேர்வெழுதித் தேறியிருந்த சித்தூர் இளைஞன் ஒருவன் இடைமறித்து, “அது தப்புங்க. நிலையா இருக்கிற இடத்துக்கு ‘வீ லிவ்’தான் வரும். கொஞ்ச நாளைக்குத் தங்குற இடத்துக்குத்தான் ‘ஆர் லிவிங்’” என்றான். இலக்கண நூலும் அவ்வாறே கூறுகிறது. நிலைத்த வாழ்வுக்குச் சாதாரண நிகழ்காலம். தற்காலிகத் தங்கலுக்குத் தொடர் நிகழ்காலம்.

அவள் சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு எம்மை நோக்கி, “மாமா, அப்பா ரிட்டயர் ஆனா லயத்து வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். நாலு தலைமுறையா அங்கதான் இருக்கோம். ஆனா வீடு எங்களுது இல்ல. அப்போ எது சரி?” என்றாள்.

ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது தோட்டங்களின் பொது வழக்கம். ஆகவே நான்கு தலைமுறைத் தங்கலும் தற்காலிகமே. ‘வீ ஆர் லிவிங்’ என்பது இலக்கணப்படியும் உண்மைப்படியும் பொருந்துகிறது. ஆயின் அப்பிள்ளை பிறந்தது அங்கே. அவள் தாத்தாவைப் புதைத்தது அங்கே. அவ்வகையில் ‘வீ லிவ்’ என்பதும் பொருந்துகிறது. இரண்டும் சரியே என்றோம். தேர்வறையில் எதைச் சொன்னாலும், சொன்னதற்குக் காரணம் காட்ட ஒரு வாக்கியம் கூட்டிக்கொள் என்றோம். ‘என் குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே வாழ்ந்து வந்திருப்பினும், நாங்கள் குடியிருக்கும் வீடு எங்களுடையதன்று’ என்று அவள் ஆங்கிலத்தில் அமைத்தாள். ‘ஆல்தோ’ என்று தொடங்கி, ‘ஹேஸ் லிவ்ட்’ என்று தொடர்ந்து, ‘இன் விச்’ என்னும் சார்பு வாக்கியத்தைக் கோத்து அவள் முடித்தபோது, அதற்கு மேல் அவளுக்கு இலக்கணப் பரப்புக் கற்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவ்வாக்கியத்தில் வந்த ‘ஹேஸ் லிவ்ட்’ என்னும் வினையைப் பற்றி ஒரு சொல். இறந்தகாலத்தில் தொடங்கி இன்றும் அறாமல் நிற்பதைக் கூற ஆங்கிலம் வைத்திருக்கும் வடிவம் அது. தமிழில் ‘வாழ்ந்து வருகிறோம்’ என்பதில் இறந்தகால எச்சமும் நிகழ்கால முற்றும் கைகோத்து நிற்பது போன்றது. இடம்பெயர்ந்தோர் அனைவருக்கும் வேண்டிய வினை இதுவே. எத்தனை ஆண்டு என்னும் அளவுக்கு முன் ‘ஃபார்’, எந்த ஆண்டு முதல் என்னும் தொடக்கத்துக்கு முன் ‘சின்ஸ்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆயினும் அறுந்துபோன வாழ்வும் உண்டு. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 உயிர்கள் மறைந்தன. நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோர் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அவ்வூரிலிருந்து மீண்டு வந்தவர் ஒருவரை ‘உம் ஊரைப் பற்றிக் கூறுக’ என்று எந்த அதிகாரியேனும் கேட்டால், அவர் ‘ஈஸ்’ என்பதா, ‘வாஸ்’ என்பதா? இதற்கு இலக்கண நூலில் விதியில்லை. அங்கே சொல் தடுமாறினால் அதனைப் பிழையென்று கொள்ள எமக்கு மனம் வாராது.

துணைவினைகளிலும் ஒன்றைக் குறிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என இடமளிக்கிறது. 1956-இல் ஏழாம் திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ உறுப்பு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. முன்னதில் ‘லாம்’, பின்னதில் ‘வேண்டும்’. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘மே’, பின்னதற்கு ‘ஷால்’. ‘தமிழில் விண்ணப்பம் எழுதலாம்’ என்பதற்கும் ‘தமிழில் விண்ணப்பம் எழுதுகிறோம்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை எல்லைப்புறத்தார் அறிவர். உரிமையை வழக்கமாக்குவது எழுதுகிறவர் கையில் உள்ளது. தம் ஊர் பற்றிப் பேசும் பிள்ளை இச்சட்டத்தைக் குறிப்பிட்டு, ‘மே’ சொல்லி, அதன்பின் ‘பட்’ சொல்லி, உள்ள நிலையையும் விளக்கினால், கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

இறுதியாக, இவை யாவற்றினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அது ‘வீ’ என்னும் சின்னஞ்சிறு சொல். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உளப்படுத்திக் கூறுவது ‘நாம்’. கேட்பவரை நீக்கிக் கூறுவது ‘நாங்கள்’. பழந்தமிழில் பின்னதற்கு ‘யாம்’ என்பது வழக்கு. இக்கட்டுரையில் ‘எம் இல்லம்’ என்றும் ‘நம் பிள்ளைகள்’ என்றும் எழுதிவருவதன் வேறுபாடு தமிழ் படிப்பவர்க்குச் சொல்லாமலே விளங்கும். மலையாளத்திலும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என அவ்வேறுபாடு அப்படியே உண்டு. ஆங்கிலத்தில் இல்லை; இந்தியின் ‘ஹம்’ என்பதிலும் இல்லை. ‘வீ’ என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் கேட்பவர்தாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

எல்லைப்புறத் தமிழருக்கு இந்த உள்ளும் வெளியும் நாள்தோறும் மாறுவன. வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூருக்குச் சென்றால் ‘நீங்க கேரளாவா?’ என்பர். திருவனந்தபுரம் சென்றால் ‘தமிழரோ?’ என்பர். ஓணத்துக்குப் பூக்கோலம் இடும்போது பக்கத்து வீட்டு மலையாளியுடன் நாம்; பொங்கலுக்குக் கரும்பு வாங்கும்போது நாங்கள்; முல்லைப்பெரியாற்று நீர் பற்றிச் செய்தி வரும் நாளில் எந்தப் பன்மையையும் சொல்லாமல் இருத்தலே நலம் எனச் சிலர் வாளாவிருப்பர். 1895-இல் கட்டி முடித்த அவ்வணையின் நீரில் கம்பம் பள்ளத்தாக்கு விளைகிறது. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் மக்கள் குடியிருக்கின்றனர். இரு பக்கத்திலும் உறவுடையோர் குமுளியில் பலர்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வழி கூறிவருகிறோம். ‘வீ’ என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டா. அதனை அடுத்து யாரென்று குறித்துவிடுங்கள். ‘வீ இன் சித்தூர்’, ‘வீ தமிழ்ஸ் இன் கேரளா’, ‘வீ இந்தியன்ஸ்’ என்று சொல்லும்போது, தமிழ் தந்த நுட்பம் ஆங்கிலத்திலும் ஓரளவு மீளும். ஆங்கில இலக்கணத்தில் இது விளக்கப்பெயர் எனப்படும் நல்ல அமைப்பே. நம் அரசியலமைப்பின் முகப்புரையும் இவ்வமைப்பிலேயே தொடங்குகிறது. ‘வீ’ என்று நிறுத்தாமல், யாரென்பதை உடனே குறித்துவிடுகிறது. அதன் தமிழாக்கத்தில் அச்சொல் ‘நாங்கள்’ அன்று, ‘நாம்’ என்பதை நினைவிற் கொள்க. லயத்து வீட்டுப் பெண்ணும், பக்கத்து வீட்டு மலையாளியும், வாளையாற்றுக்கு இருபுறத்தாரும் ஒருங்கே உளப்படும் இடம் அது. ‘உங்கள் நாடு எது’ என்ற வினாவுக்கு அஞ்சுநாடு என்றும் கேரளம் என்றும் இந்தியா என்றும் முரணின்றி மறுமொழி கூற அது வழிவகுக்கிறது.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வினா தேர்வறையோடு முடிவதன்று. மும்பையிலும் தில்லியிலும் இலண்டனிலும் வளரும் நம் பிள்ளைகளைப் பள்ளித் தோழர் முதல் பணித்தோழர் வரை பலரும் ‘எங்கிருந்து வருகிறீர்கள்’ என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பர். விடுமுறையில் ஊருக்கு அழைத்து வரும்போது, ஆறு எத்திசையில் பாய்கிறது என்று காட்டுங்கள். பாட்டனார் பிறந்தபோது அவ்வூர் எந்த ஆட்சியில் இருந்தது, எந்த ஆண்டில் எது மாறிற்று என்று சொல்லுங்கள். மலையேறி வந்தவர் உயிரோடிருந்தால் அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். ‘ஈஸ்’ எங்கே, ‘வாஸ்’ எங்கே, ‘ஹேஸ் பீன்’ எங்கே என்பதைப் பயிற்சி நிலையம் மூன்று மாதத்தில் கற்பித்துவிடும். அவற்றின்பின் வரவேண்டிய சொற்கள் நம் வீடுகளில்தாம் கிடைக்கும்.

எம் நண்பரின் மகள் பேசும் பகுதியில் 7.5 பெற்றாள். இப்பொழுது மான்செஸ்டரில் பணியாற்றுகிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தபோது, வாடகை வீட்டில் இருப்பதாகவும், அங்கே ‘வீ ஆர் லிவிங்’ என்று ஐயமின்றிச் சொல்ல முடிவதாகவும் கூறிச் சிரித்தாள். தந்தையின் ஓய்வுக்குள் அடிமாலிப் பக்கம் ஐந்து சென்டு நிலம் வாங்கப் பணம் சேர்த்து வருகிறாள்.